இசைத்தட்டின் நடுவட்டத்தில் இரண்டு பெயர்கள்

வினைல் இசைத்தட்டின் நடுவே ஒட்டப்பட்டிருக்கும் வட்டத் தாளில், பாடலின் தலைப்புக்குக் கீழே, பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்தில் ஒரு பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அது பாடியவரின் பெயரன்று. பாடலை எழுதி மெட்டமைத்தவரின் பெயர். 1960களில் பிரிட்டனில் தோன்றிய ராக் அண்ட் ரோல் குழுக்களில் எது நீடித்தது, எது உடைந்தது, உறுப்பினர்களில் எவர் வசதியாக வாழ்ந்தார், எவர் வேறு வேலை தேடிப் போனார் என்பவற்றையெல்லாம் மேடையில் எழுந்த ஆரவாரத்தைவிட இந்தச் சிறிய எழுத்தே பல வேளைகளில் தீர்மானித்தது. இதற்கு ஜோம்பீஸ் என்ற ஐவர் குழுவைப்போல் தெளிவான சான்று வேறொன்று கிடைப்பது அரிது. அக்குழுவின் நடுவட்டங்களில் மாறிமாறி வந்த பெயர்கள் இரண்டு: ராட் ஆர்ஜென்ட், கிறிஸ் வைட். அவ்விருவரும் எழுதியதால்தான் அக்குழுவின் இசைக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. பெரும்பாலும் அவ்விருவரே எழுதியதால்தான் அக்குழு தன் மிகச் சிறந்த படைப்பு கடைக்கு வருவதற்கு முன்பே கலைந்தது.

பீட்டில்ஸ் குழு புகழ்பெறும் வரையில், இசைத்தட்டு நிறுவனங்கள் தொழில்முறைப் பாடலாசிரியர்களிடமிருந்து பாடலை வாங்கிப் பாடகர்களிடம் கொடுப்பதே வழக்கம். ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் தங்கள் பாடல்களைத் தாங்களே எழுதத் தொடங்கிய பிறகு, கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ் ஆகியவற்றோடு இயங்கிய இளைஞர் குழுக்கள், அன்றைய வழக்கில் பீட் குழுக்கள், தம்மிடையே ஒரு பாடலாசிரியர் இருப்பதைத் தகுதியாகவே கருதின. லெனனும் மெக்கார்ட்னியும் எவர் எழுதினாலும் இருவர் பெயரையும் சேர்த்தே போடுவதென்று ஒப்புக்கொண்டிருந்தனர். ஆர்ஜென்டும் வைட்டும் அப்படிச் செய்யவில்லை. அவரவர் எழுதிய பாடலில் அவரவர் பெயர் மட்டுமே இருந்தது. அதனால் எந்தப் பாடல் எவருடைய மனத்திலிருந்து வந்தது என்பதை இன்று ஐயமின்றிப் பிரித்தறிய முடிகிறது.

இலண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் ஒரு பழைய பேராலய நகரம். அங்கே 1960களின் தொடக்கத்தில் பள்ளி மாணவர்களாக இருந்த ராட் ஆர்ஜென்ட், கிட்டார் வாசித்த பால் அட்கின்சன், டிரம்ஸ் வாசித்த ஹியூ கிரண்டி ஆகியோர் ஒன்றுகூடினர். வேறொரு பள்ளியிலிருந்து காலின் பிளன்ஸ்டன் பாடகராக வந்து சேர்ந்தார். தொடக்கத்தில் பேஸ் கிட்டார் வாசித்தவர் படிப்பைத் தொடர விலகியதால், மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு வயதோ அதற்கு மேலோ மூத்தவரான கிறிஸ் வைட் அந்த இடத்துக்கு வந்தார். ஆர்ஜென்ட் சிறுவனாகப் பேராலயப் பாடற்குழுவில் பாடியவர். எல்விஸ் பிரெஸ்லியையும் ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸையும் ஒரே ஆர்வத்தோடு கேட்டு வளர்ந்தவர். தேவாலயத்தில் பல குரல்கள் வெவ்வேறு சுரங்களில் ஒருங்கே ஒலித்து இணையும் முறையை அவர் இளமையிலேயே உள்வாங்கியிருந்தார் என்பது பின்னாளில் அக்குழுவின் ஒவ்வொரு பதிவிலும் தெரிந்தது.

1964இல் உள்ளூர் பீட் குழுக்களுக்கான போட்டியொன்றில் வென்ற பிறகு டெக்கா நிறுவனம் அவர்களுக்கு ஒப்பந்தம் தந்தது. தயாரிப்பாளராக, அதாவது எந்தப் பாடலை எப்படிப் பதிவுசெய்வது என்று முடிவெடுத்து ஒலிக்கூடத்தில் வழிநடத்துபவராக, கென் ஜோன்ஸ் அமைந்தார். முதல் பதிவுக்குச் சொந்தமாக ஏதேனும் எழுதி வந்தாலும் நல்லது என்று அவர் போகிற போக்கில் சொன்னதை ஆர்ஜென்டும் வைட்டும் மெய்யாகவே எடுத்துக்கொண்டனர். ஆர்ஜென்ட் 'ஷீஸ் நாட் தேர்' எழுதினார். வைட் எழுதியது அத்தட்டின் மறுபக்கத்துக்குப் போனது. 1964 ஜூலையில் வெளியான அந்தத் தட்டு பிரிட்டனில் 12ஆம் இடத்தையும், ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 2ஆம் இடத்தையும் எட்டியது. பத்தொன்பது வயது இளைஞர் எழுதிய தொடக்ககாலப் பாடல் அது என்பதை இன்று கேட்பவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள்.

அப்பாடலின் தனித்தன்மையைச் சற்று நின்று பார்க்கலாம். அக்காலப் பீட் குழுக்களின் ஒலி கிட்டாரை மையமாகக் கொண்டது. இதிலோ மின் பியானோவே முன்னால் நிற்கிறது. தொடக்கப் பகுதி முழுவதும் ஒரு மைனர் இசைவுக்கும் ஒரு மேஜர் இசைவுக்கும் இடையே ஊசலாடுகிறது. இசைவு என்பது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்கள் ஒரே வேளையில் ஒலிப்பது. இந்த ஊசலாட்டத்திலிருந்து எழும் சுர வரிசையை மேலை இசையில் டோரியன் என்பர்; கர்நாடக இசை அறிந்தவர்கள் அதைக் கரகரப்பிரியாவின் சுரங்களாக அடையாளம் காணலாம். சோகத்துக்கும் துணிவுக்கும் நடுவே நிற்கும் இந்த வண்ணம் ஜாஸில் பழகியதே தவிர, வானொலியில் இளைஞர்கள் கேட்ட பாடல்களில் அன்று அபூர்வம். அதன் மேல் பிளன்ஸ்டனின் குரல் மூச்சுக் கலந்து, ஏறக்குறைய ரகசியம் சொல்வதுபோல் தொடங்கி, பல்லவியில் திடீரென்று உயர்கிறது. வைட், ஆர்ஜென்ட் இருவரின் துணைக்குரல்கள் அதைத் தாங்குகின்றன. உரத்துக் கத்துவதே ராக் என்று எண்ணப்பட்ட காலத்தில் இவர்கள் அடக்கத்தையே உத்தியாகக் கொண்டனர். பிரிட்டிஷ் ரசிகர்கள் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஏனெனில் அடுத்து வந்த தட்டுகள் பிரிட்டனில் ஏறத்தாழ முழுவதுமாகத் தோற்றன. வைட் எழுதிய 'லீவ் மீ பி' பட்டியலிலேயே இடம்பெறவில்லை. ஆர்ஜென்டின் 'டெல் ஹர் நோ' 1965இல் அமெரிக்காவில் 6ஆம் இடம் வரை ஏறியபோது சொந்த நாட்டில் 42ஆம் இடத்தோடு நின்றது. தோல்விகள் தொடரத் தொடர, கென் ஜோன்ஸின் ஒலிக்கலவை தங்கள் பாடல்களின் கனத்தைக் குறைத்துவிடுகிறது என்ற மனக்குறை எழுதுபவர்கள் இருவருக்கும் வளர்ந்தது. 1967இல் பிலிப்பைன்ஸுக்குப் போன குழு, அங்கே தாங்கள் பெரும் நட்சத்திரங்கள் என்பதை அறிந்து வியந்தது. அரனெட்டா கொலிசியம் அரங்கில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஏற்ற ஊதியம் குழுவின் கைக்கு வரவில்லை.

இங்கேதான் நடுவட்டத்துச் சிறிய எழுத்து வேலை செய்யத் தொடங்குகிறது. ஒரு தட்டு விற்கும்போது நிகழ்த்துவோருக்கு உரிய பங்கு குழு முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடப்பட்டு, செலவுகள் கழிக்கப்பட்டு, ஐந்தாகப் பிரியும். பாடலாசிரியருக்கு உரிய ராயல்டி, அதாவது படைப்பின் பயன்பாட்டுக்கான உரிமைத்தொகை, தனியாக அவரைச் சேரும். தட்டின் முதல் பக்கத்தை மக்கள் விரும்பி வாங்கினாலும் மறுபக்கப் பாடலும் அதனோடு விற்பனையாவதால், அதை எழுதியவருக்கும் விற்பனையில் அதே அளவு தொகை உண்டு. ஆகவே ஆர்ஜென்டின் பாடல் முதல் பக்கத்தில் வெற்றிபெற்றபோது மறுபக்கத்தில் இருந்த வைட்டும் பயன்பெற்றார். மற்றொரு குழு அப்பாடலைப் பதிவுசெய்தாலும் பணம் எழுதியவருக்கே வரும். வைட் எழுதிய 'ஐ லவ் யூ' 1965இல் மறுபக்கப் பாடலாகக் கவனிப்பாரற்றுப் போனது. 1967இல் ஜப்பானில் கார்னபீட்ஸ் குழு அதை ஜப்பானிய மொழியில் பாடிப் பெரும் வெற்றி கண்டது. 1968இல் கலிஃபோர்னியாவின் பீப்பிள் குழுவின் குரலில் அது அமெரிக்காவில் 14ஆம் இடம் பிடித்தது. இவ்வாறு ஒரே வண்டியில் பயணம் செய்து ஒரே மேடையில் நின்ற ஐவரில் இருவருக்கு மட்டும் ஒழுங்கான வருவாய் இருந்தது. பாடகர், கிட்டார் கலைஞர், டிரம்ஸ் கலைஞர் மூவரும் நிகழ்ச்சிக் கூலியை நம்பியே இருந்தனர். எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. தொழிலின் அமைப்பே அப்படி இருந்தது.

டெக்காவை விட்டு விலகி 1967இல் சிபிஎஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தபோது, ஆர்ஜென்டும் வைட்டும் ஒரு நிபந்தனை வைத்தனர்: ஒரு முழு ஆல்பத்தைத் தாங்களே தயாரிக்க வேண்டும். நிறுவனம் ஒதுக்கிய தொகை 1,000 பவுண்டு. அதே ஆண்டில் பீட்டில்ஸ் செலவிட்ட தொகையோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். ஆயினும் அவர்களுக்குக் கிடைத்த இடம் பீட்டில்ஸ் பணியாற்றிய அதே ஈஎம்ஐ ஒலிக்கூடம், பின்னாளில் ஆபி ரோடு என்று பெயர்பெற்றது. 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தைப் பதிவுசெய்த பொறியாளர் ஜெஃப் எமரிக் இவர்களுக்கும் பணியாற்றினார். நேரத்துக்குக் கட்டணம் என்பதால், பாடல்களை வெளியே பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டு, ஒலிக்கூடத்துக்குள் நுழைந்ததும் விரைவாகப் பதிவை முடிப்பதே அவர்கள் முறை.

சிக்கனம் அங்கே கலையாக மாறியது. அன்றைய ஒலிப்பதிவு நாடாவில் நான்கு தடங்களே இருந்தன. ஒவ்வொரு தடத்திலும் ஓர் ஒலியைத் தனியே பதிந்து பின்னர் கலக்க வேண்டும். நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இரண்டாவது இயந்திரத்துக்கு மாற்றி, அங்கே கிடைத்த காலித் தடங்களில் மேலும் குரல்களை அடுக்கினர். நரம்பிசைக் குழுவுக்குப் பணம் இல்லை. அதற்கு ஈடாக ஜான் லெனன் ஒலிக்கூடத்தில் விட்டுச் சென்றிருந்த மெலோட்ரான் கைகொடுத்தது. மெலோட்ரான் என்பது பியானோபோன்ற கட்டைகளைக் கொண்ட கருவி. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டுக் காந்த நாடா இருக்கும். கட்டையை அழுத்தினால் அதில் முன்பே பதிந்துவைத்த வயலின் அல்லது குழலின் ஒலி சில நொடிகள் எழும். அந்த ஒலி உண்மையான வயலினைப்போல் இல்லை. சற்று நடுங்கி, சற்று மங்கி வருகிறது. ஆல்பம் முழுவதும் படர்ந்திருக்கும் நினைவேக்கத்துக்கு இக்குறையே பெருந்துணை.

'ஒடெஸி அண்ட் ஆரகிள்' என்ற அந்த ஆல்பத்தில் பாடல்கள் பன்னிரண்டு. ஏழு வைட் எழுதியவை, ஐந்து ஆர்ஜென்ட் எழுதியவை. ஆர்ஜென்டின் கற்பனை கதைமாந்தரை இசைவழியே தேடுவது. 'கேர் ஆஃப் செல் 44' காதலியின் வருகையை எதிர்நோக்கும் ஒருவர் எழுதும் கடிதம். அவள் சிறையிலிருந்து விடுதலையாகி வரப்போகிறாள் என்பது மெல்லத்தான் விளங்குகிறது, இசையோ விடுமுறைநாள் காலைபோல் உற்சாகமாகத் துள்ளுகிறது. 'எ ரோஸ் ஃபார் எமிலி' அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னரின் சிறுகதைத் தலைப்பை எடுத்துக்கொண்டு, பியானோவையும் குரல்களையும் மட்டும் வைத்து ஒரு பெண்ணின் தனிமையைச் சொல்கிறது. ஆர்ஜென்டின் பாடல்களில் சொல் முக்கியமில்லை என்று கூற முடியாது. ஆனால் அடுத்த இசைவு எங்கே போகும் என்ற ஆவல்தான் அவற்றைக் கேட்பவரை முன்னே இழுக்கிறது.

வைட்டின் பாடல்கள் இடத்திலும் காலத்திலும் வேரூன்றியவை. 'பீச்வுட் பார்க்' அவர் வளர்ந்த ஹார்ட்ஃபோர்ட்ஷயர் கிராமப்புறத்தில் உள்ள ஒரு பழைய மாளிகைப் பள்ளியின் பெயர். மழைக்குப் பிந்தைய கோடைச் சாலைகளின் நினைவு அதில் இருக்கிறது. 'பிரீஃப் கேண்டில்ஸ்' என்ற தலைப்பு ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்துத் தொடரை நினைவூட்டுவது. எல்லாவற்றிலும் துணிச்சலானது 'புட்சர்ஸ் டேல்'. முதல் உலகப் போரின் பதுங்குகுழியில் நடுங்கும் ஒரு கசாப்புக்காரரின் வாக்குமூலம் அது. காலால் மிதித்துக் காற்றூட்டும் ஹார்மோனிய வகைக் கருவியின் முனகலே அதற்குத் துணை. பிளன்ஸ்டனின் மென்குரல் இதற்குப் பொருந்தாது என்று கருதி வைட்டே தம் நடுங்கும் குரலில் அதைப் பாடினார். தலைப்பில் 1914 என்று போட்டிருந்தாலும் பாடலில் வரும் ஊர்ப்பெயர்களில் பெரும்பாலானவை 1916இன் சோம் போர்க்களத்தைச் சேர்ந்தவை. இந்தப் பிழையால் பாடலின் கனம் குறையவில்லை. 'திஸ் வில் பி அவர் இயர்' இதற்கு நேர் எதிர். இடர்ப்பாடு கழிந்து நல்ல காலம் பிறந்ததென்று சொல்லும் இரண்டே நிமிட மகிழ்ச்சி.

பதிவு முடிந்ததும் நிறுவனம் ஸ்டீரியோ வடிவமும் வேண்டும் என்றது. மோனோ என்பது எல்லா ஒலியும் ஒரே வழியில் வருவது. ஸ்டீரியோ என்பது இடமும் வலமுமாகப் பிரித்துத் தருவது. ஒதுக்கிய பணம் அதற்குள் தீர்ந்திருந்தது. ஆர்ஜென்டும் வைட்டும் தங்கள் ராயல்டியிலிருந்து அந்தச் செலவை ஏற்றனர். அப்போதும் ஒரு சிக்கல் நின்றது: 'திஸ் வில் பி அவர் இயர்' பாடலின் ஊதுகருவிகள் நேராக மோனோ நாடாவிலேயே சேர்க்கப்பட்டிருந்ததால், அவற்றைப் பிரித்தெடுத்து ஸ்டீரியோவாக்க வழியில்லாமல் போனது. அட்டையை வரைந்தவர் வைட்டின் அறைத்தோழரான ஓவியர் டெர்ரி குவர்க். ஆல்பத்தின் பெயரில் உள்ள எழுத்துப்பிழை அவர் கையிலிருந்து வந்து, அச்சாகி, அப்படியே நிலைத்துவிட்டது.

சொந்தப் பணத்தைப் போட்டுப் படைப்பைக் காக்க இருவரால் முடிந்தது; மற்ற மூவருக்கு அந்த வசதி இல்லை. முன்னோட்டமாக வெளியிட்ட சிங்கிள்கள், அதாவது ஓரிரு பாடல்கள் மட்டும் கொண்ட சிறு தட்டுகள், விற்கவில்லை. நிகழ்ச்சிகளுக்கான கூலி குறைந்தது. ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'டைம் ஆஃப் த சீசன்' பதிவின்போது, அதை அன்றுதான் எழுதி முடித்திருந்த ஆர்ஜென்ட் ஒவ்வொரு சொல்லையும் எப்படிப் பாட வேண்டும் என்று திருத்திக்கொண்டேயிருக்க, பிளன்ஸ்டன் பொறுமையிழந்து, அவ்வளவு தெரிந்தால் நீயே பாடு என்ற பொருளில் சீறினார். பிறகு பாடியும் முடித்தார். 1967 டிசம்பரில் குழு கலைந்தது. பெரும் சண்டை எதுவும் இல்லை. அட்கின்சனுக்கு நிலையான வருமானம் தேவைப்பட்டது, பிளன்ஸ்டன் களைத்திருந்தார். அவர் சில மாதங்களில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1968 ஏப்ரலில் ஆல்பம் வெளிவந்தபோது அதைப் பாடிக்காட்ட மேடையில் எவரும் இல்லை.

அமெரிக்காவில் அந்த ஆல்பம் வெளியானதற்கே ஒரு தனி மனிதரின் பிடிவாதம் காரணம். கொலம்பியா நிறுவனத்தில் அப்போது தயாரிப்பாளராகச் சேர்ந்திருந்த இசைக்கலைஞர் அல் கூப்பர், இலண்டனில் வாங்கிவந்த தட்டுகளிடையே இதைக் கேட்டு, நிறுவனத் தலைவர் கிளைவ் டேவிஸிடம் இதை வெளியிட்டே ஆக வேண்டும் என்று வாதாடினார். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வேளையில் போர் எதிர்ப்புப் பாடலான 'புட்சர்ஸ் டேல்' முதல் சிங்கிளாக வந்து, எதிர்பார்க்கத்தக்கவாறே தோற்றது. வானொலியில் காலையில் ஒலிக்கும் பாடலன்று அது. பின்னர் வந்த 'டைம் ஆஃப் த சீசன்' மெல்ல ஏறி, 1969 தொடக்கத்தில் பில்போர்டு பட்டியலில் 3ஆம் இடத்தை எட்டிப் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பேஸ் கிட்டாரின் நடை, ஒரு கைதட்டல், ஒரு மூச்சொலி என்று தொடங்கும் அந்தப் பாடல் நாடெங்கும் ஒலித்தபோது, பிரிட்டனில் அது பட்டியலையே தொடவில்லை.

கலைந்துபோன குழுவுக்கு நிகழ்ச்சி கேட்டு அழைப்புகள் குவிந்தன. அசல் குழு வராததால் போலிகள் புறப்பட்டன. ஜோம்பீஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் சுற்றிய போலிக் குழுக்களில் டெக்சாஸ் இளைஞர்களைக் கொண்ட ஒன்றில் இருந்த டஸ்டி ஹில், ஃபிராங்க் பியர்ட் ஆகிய இருவரும் சில காலத்துக்குள் ஜீஜீ டாப் குழுவில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றனர். குழுவினர் எப்படி இருப்பார்கள் என்று ரசிகர்களுக்குத் தெரியாத காலம் அது. பெயரும் பாட்டும் போதுமாயிருந்தன.

உண்மையானவர்கள் மீண்டும் ஒன்றுசேர மறுத்ததற்கு முதற்காரணம், எழுதுபவர்கள் இருவரும் அதற்குள் வேறு திசையில் போய்விட்டிருந்தனர் என்பது. ஆர்ஜென்ட் தம் பெயரிலேயே ஒரு புதிய குழுவைத் தொடங்கினார். வைட் அதில் வாசிக்காமல், எழுத்திலும் தயாரிப்பிலும் பங்குகொண்டார். இம்முறை அவர்கள் லெனன், மெக்கார்ட்னி வழியைப் பின்பற்றி, எவர் எழுதினாலும் இருவர் பெயரையும் சேர்த்தே அச்சிட்டனர். 1972இல் இரு நாடுகளிலும் 5ஆம் இடம் பிடித்த 'ஹோல்ட் யுவர் ஹெட் அப்' அவ்வாறு இரட்டைப் பெயரோடு வந்தது. 1971இல் பிளன்ஸ்டனின் முதல் தனி ஆல்பமான 'ஒன் இயர்' வெளிவந்தபோது அதைத் தயாரித்தவர்களும் இவர்களே. அட்கின்சன் இசைத்தட்டு நிறுவனங்களில் புதிய கலைஞர்களைக் கண்டறியும் பணியில் உயர்ந்து, 2004இல் காலமானார்.

ஆல்பத்தின் மதிப்பு மிக மெதுவாக ஏறியது. பால் வெல்லர்போன்ற இளைய தலைமுறைப் பிரிட்டிஷ் கலைஞர்கள் அதைத் தங்கள் விருப்பங்களில் ஒன்றாகச் சொல்லிவந்தனர். 2003இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் வெளியிட்ட தலைசிறந்த 500 ஆல்பங்களின் பட்டியலில் அது 80ஆம் இடம் பெற்றது. 2008இல் இலண்டனில், வெளிவந்த நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, எஞ்சிய நால்வரும் கூடி அந்த ஆல்பத்தை முழுமையாக மேடையில் வாசித்தனர். 2019இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பு குழுவுக்கு இடமளித்தது. இந்த நூற்றாண்டில் ஜோம்பீஸ் என்ற பெயரோடு ஊர் ஊராகச் சென்றவர்கள் ஆர்ஜென்டும் பிளன்ஸ்டனும். 2024இல் பக்கவாதம் தாக்கியதையடுத்து ஆர்ஜென்ட் சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றார்.

இருவரில் இன்றும் குறைவாகப் பேசப்படுபவர் வைட்டே. பட்டியல்களில் ஏறிய ஜோம்பீஸ் பாடல்கள் ஆர்ஜென்டுடையவை; ஆல்பத்தின் பெரும்பகுதியைத் தாங்குபவையோ வைட்டுடையவை. சிங்கிளைத் தேர்ந்தெடுக்கும் காதுக்கு முதல் முப்பது நொடிகளே முக்கியம். அந்தக் கலையில் ஆர்ஜென்ட் வல்லவர். வைட்டின் பாடல்கள் அடுத்தடுத்துக் கேட்கப்பட வேண்டியவை, ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழ வேண்டியவை. அதனால் முழு ஆல்பத்தைக் கேட்கும் பழக்கம் பரவிய பிறகே அவற்றுக்குக் காலம் வந்தது. 'திஸ் வில் பி அவர் இயர்' வெளியானபோது எந்தப் பட்டியலிலும் இல்லை. பிறகு ஓகே கோ, ஃபூ ஃபைட்டர்ஸ் ஆகிய அமெரிக்கக் குழுக்கள் அதைப் பாடிப் பதிவுசெய்தன. அந்தப் பதிவுகளிலும் பாடலாசிரியர் பெயராக அச்சாகியிருப்பது சி. வைட் என்பதே.